ஸ்டாக் தீர்ந்துபோகும் புதிய கேமை அதிக விலை கொடுக்காமல் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எதிர்பார்ப்பு அதிகமுள்ள கேமோ கன்சோலோ விற்பனைக்கு வந்த சில நிமிடங்களில் ‘ஸ்டாக் இல்லை’ என்று வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அதே பொருள் மறுவிற்பனைத் தளங்களில் ஒன்றரை மடங்கு விலையில் வந்து நிற்கும். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்தோடு அங்கே போய் வாங்குவதுதான் உண்மையான நஷ்டம்.

முதல் தடவை முயல்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது விற்பனை நேரத்தில் அல்ல, அதற்கு முந்தைய வாரத்தில். கார்டைச் சேமித்து வைக்கவில்லை, எந்த எடிஷன் என்று முடிவு செய்யவில்லை, எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று யோசிக்கவில்லை. இவை மூன்றும் முடிந்துவிட்டால் விற்பனை நாளில் செய்ய வேண்டிய வேலை ரொம்பக் குறைவு. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்றைத் தாண்டிவிட்டு நேராக ஆறாவதுக்குப் போகாதீர்கள்.

1. என்ன மாதிரியான பற்றாக்குறை என்று முதலில் பாருங்கள்

‘ஸ்டாக் இல்லை’ என்ற ஒரே வாசகம் மூன்று வேறு நிலைமைகளுக்கும் வரும். எது என்று தெரியாமல் அடுத்த முடிவு எதையும் எடுக்க முடியாது.

முதலாவது, தொழிற்சாலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. புதிய கன்சோல்கள் பெரும்பாலும் இந்த வகை. 2020 நவம்பரில் வந்த ப்ளேஸ்டேஷன் 5 நீண்ட காலம் கடைகளில் தங்கவே இல்லை. சிப் தட்டுப்பாடும் கொரோனா காலமும் சேர்ந்துகொண்டன. ஆனால் தொகுதி தொகுதியாக வந்துகொண்டே இருந்தது, பிறகு சாதாரணமாகவே கிடைத்தது. இந்த வகைக்கு மருந்து காத்திருப்பதும் ரீஸ்டாக்கை, அதாவது ஸ்டாக் மறுபடி வருவதை, கவனிப்பதும்தான்.

இரண்டாவது, எண்ணிக்கையோ காலமோ முன்பே கட்டுப்படுத்தப்பட்டது. ப்ளேஸ்டேஷனின் 30 ஆண்டு நிறைவையொட்டி 2024இல் வந்த சிறப்பு ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோ தொகுப்பு மொத்தமே 12,300தான், ஒவ்வொன்றிலும் எண் பொறித்தது. நின்டெண்டோவின் ‘சூப்பர் மரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்’ 2020 செப்டம்பர் 18 முதல் 2021 மார்ச் 31 வரை மட்டுமே விற்பனை என்று முன்பே அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்டதுக்குக் காத்திருப்பதில் பலன் இல்லை. ஆனால் இந்த இரண்டுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. எண்ணிக்கைக் கட்டுப்பாடு என்றால் முதல் நாளே ஓட வேண்டும். காலக் கட்டுப்பாடு என்றால் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பு நிதானமாக வாங்கினாலும் போதும். முதல் வார அலைமோதலில் போய் விழ வேண்டியதில்லை.

மூன்றாவது, பெட்டி மட்டும் தீர்ந்திருக்கிறது, கேம் தீரவில்லை. டிஜிட்டல் பதிப்புக்கு ஸ்டாக் என்ற பேச்சே கிடையாது. அங்கே திணறுவது சர்வர். 2025 செப்டம்பர் 4 அன்று ‘ஹாலோ நைட்: சில்க்ஸாங்’ வெளியானபோது ஸ்டீம் உட்பட பல டிஜிட்டல் கடைகள் கூட்டம் தாங்காமல் தடுமாறின. கொஞ்ச நேரம் பொறுத்தவர்களுக்கு அதே 19.99 டாலருக்குக் கிடைத்தது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க, தயாரிப்பாளரின் அறிவிப்பை முழுவதும் படியுங்கள், கடையின் விளம்பரத்தை அல்ல. ‘எண்ணிடப்பட்டது’, ‘ஒருமுறை மட்டுமே தயாரிப்பு’, ‘இந்தத் தேதி வரை’ என்று தெளிவாக இருந்தால் இரண்டாவது வகை. வெறுமனே ‘குறைந்த ஸ்டாக்’ என்று கடைக்காரர் போட்டிருந்தால் அதற்கு மதிப்பே இல்லை. எல்லாக் கடைகளும் எல்லாப் பொருளுக்கும் போடுவது அது.

அறிவிப்பு தெளிவாக இல்லாத பொருள்களும் உண்டு. நின்டெண்டோ தன் பழைய கன்சோலைச் சின்னதாக்கி 2016 நவம்பரில் வெளியிட்ட என்.இ.எஸ். கிளாசிக் எடிஷனின் அமெரிக்க விலை 59.99 டாலர். கடைகளில் நிற்காமல் பறந்தது, 2017 ஏப்ரலில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். மறுவிற்பனை விலை எகிறியது. அப்புறம் 2018 ஜூன் 29 அன்று அதே பொருள் மறுபடியும் கடைக்கு வந்தது. எண்ணும் தேதியும் தெளிவாகச் சொல்லாத எதையும் ‘இனி வராது’ என்று நம்ப வேண்டாம்.

2. எந்த எடிஷன் என்று ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்

விற்பனைப் பக்கத்தில் நாலைந்து எடிஷன்கள் வரிசையாக நிற்கும். அங்கே நின்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் அரை நிமிடத்தில் வேண்டியது போய்விடும். பதற்றத்தில் மிச்சமிருக்கும் விலை உயர்ந்த எடிஷனை வாங்கிவிட்டு அப்புறம் புலம்புவதைத்தான் புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். முதல் தேர்வு ஒன்று, அது இல்லாவிட்டால் இரண்டாவது ஒன்று, அவ்வளவுதான். இரண்டாவது எதுவும் வேண்டாம் என்றால் அதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

முடிவு செய்வதற்கு முன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். சிலை, ஓவியப் புத்தகம், இரும்புப் பெட்டி எல்லாம் இருக்கும், கேம் டிஸ்க் இருக்காது. டவுன்லோட் கோடு மட்டும் வைத்திருப்பார்கள். சிலவற்றில் கேமே சேராது, தனியாக வாங்க வேண்டும். நின்டெண்டோவின் கன்சோலான ஸ்விட்ச் 2இல் ‘கேம்-கீ கார்டு’ என்று ஒன்று உண்டு. பார்ப்பதற்குக் கார்ட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே கேம் இல்லை. முதலில் இணையத்தில் இருந்து இறக்க வேண்டும், விளையாடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் இதற்கான குறிப்பு இருக்கும். சேகரித்து வைக்க வாங்குபவர் இதைக் கவனிக்காவிட்டால் ஏமாற்றம்தான்.

‘முன்கூட்டியே விளையாடலாம்’ என்பது இன்னொரு தூண்டில். 2023இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ பொதுவெளியீடு செப்டம்பர் 6. 99.99 டாலர் எடிஷன் வாங்கியவர்கள் செப்டம்பர் 1 முதலே விளையாடினார்கள். சாதாரண எடிஷன் 69.99. அந்த 30 டாலரில் மற்ற சேர்க்கைகளும் இருந்தன என்பது உண்மை. ஆனால் ஐந்து நாளுக்காக மட்டும் யோசிப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சில சமயம் கூட்டுத் தொகுப்புதான் மலிவு. 2025இல் அமெரிக்காவில் வெளியானபோது ஸ்விட்ச் 2 தனியாக 449.99 டாலர், ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ சேர்ந்த தொகுப்பு 499.99, அந்த கேம் தனியாக 79.99. எப்படியும் அந்த கேமை வாங்க இருந்தவர் தனிக் கன்சோலைத் தேடி ஓடியிருந்தால் 30 டாலர் கூடுதலாகக் கொடுத்திருப்பார்.

கடைசியாக, எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு விதமாக வந்தது. வெளியீட்டின்போது 49,980 யென் விலையிருந்தது ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும், ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே ஏற்கும். பல மொழிப் பதிப்பு 69,980 யென். மலிவு என்று வெளியிலிருந்து முதலாவதை வாங்கியவருக்கு அது பெரிதாகப் பயன்படாது. கேம் டிஸ்க்குகளில் நாட்டுவாரியான இந்தப் பூட்டு இப்போது பெரும்பாலும் இல்லை. ஆனால் ப்ளேஸ்டேஷனில் டிஸ்க் எந்தப் பகுதிக்கானதோ அந்தப் பகுதிக் கடையின் கூடுதல் உள்ளடக்கம்தான் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

3. உச்ச விலையை எண்ணாக எழுதி வையுங்கள்

மனதுக்குள் வைத்திருக்கும் எண் பதற்றத்தில் நகரும். எழுதி வைத்த எண் நகராது. பொருளின் விலை, வரி, டெலிவரி, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம், கார்டின் நாணய மாற்றுக் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்தத்துக்குத்தான் அந்த உச்சவரம்பு. அசல் விலைக்கு மட்டும் வரம்பு வைத்தால் கடைசிப் பக்கத்தில் மொத்தம் வேறாக வந்து நிற்கும், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று பொத்தானை அழுத்திவிடுவோம்.

எண்ணை எப்படி முடிவு செய்வது? காத்திருந்தால் விலை எந்தப் பக்கம் போகும் என்று யோசியுங்கள். பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் பலவற்றின் கேம்கள் சில மாதங்களிலேயே தள்ளுபடிக்கு வரும். நின்டெண்டோ தானே வெளியிடும் கேம்கள் அப்படி அல்ல, வருடக்கணக்கில் கிட்டத்தட்ட அதே விலையில் நிற்கும். அவற்றுக்குக் காத்திருந்து மிச்சம் பிடிப்பது கடினம்.

கன்சோல் காலப்போக்கில் மலிவாகும் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. ப்ளேஸ்டேஷன் 5 வெளியானபோது அமெரிக்காவில் 499.99 டாலர். ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில், 549.99 ஆக உயர்த்தினார்கள். அதனால் கன்சோலை அசல் விலையில் கண்டால் வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. கேமுக்கு அந்த அவசரம் தேவையில்லை.

அறிவித்த விலையே இறுதி என்றும் சொல்ல முடியாது. ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ 2025இல் 79.99 டாலர் என்று அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு, வெளியீட்டுக்கு முன்பே 69.99 ஆகக் குறைந்தது. விலை எரிச்சலூட்டினால் வாங்காமல் இருப்பதும் ஒரு பதில்தான், சில சமயம் அது எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டுகிறது.

முதல் மூன்று படிகள் முடிந்ததும் ஒரு கேள்வி: வாங்க நினைப்பது சாதாரண எடிஷன் கேம் மட்டும்தானா? அப்படியானால் கீழே உள்ள பாடு எதுவும் தேவையில்லை. டிஜிட்டலாக வாங்குங்கள், இல்லை இரண்டு வாரம் பொறுங்கள். அடுத்த படிகள் கன்சோலுக்கும் சேகரிப்பாளர் எடிஷன்களுக்கும்தான்.

4. கணக்கு, முகவரி, கார்டு: முந்தைய வாரத்து வேலை

மூன்று கடைகளைத் தேர்ந்தெடுங்கள்: தயாரிப்பாளரின் சொந்தக் கடை, ஒரு பெரிய ஆன்லைன் கடை, நேரில் போகக்கூடிய ஒரு கடை. இதற்கு மேல் போனால் கவனம் சிதறும். மூன்றிலும் கணக்கு திறந்து, மின்னஞ்சலை உறுதிசெய்து, முகவரியைச் சேமியுங்கள். முதல் தடவை கொடுக்கும் முகவரியைச் சில கடைகள் சரிபார்த்து, வேறு விதமாக எழுதச் சொல்லும். விற்பனை நேரத்தில் அந்தப் பெட்டி குறுக்கே வந்தால் போச்சு.

கார்டைச் சேமித்துவிட்டு ஏதாவது சின்னப் பொருளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வீண் செலவு மாதிரித் தெரியலாம், ஆனால் இதற்கு இணையான சோதனை வேறு இல்லை. ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது, வங்கிச் செயலியில் அனுமதி கேட்கிறதா, கார்டின் ஆன்லைன் வரம்பு எவ்வளவு என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். புதிய கடையில் திடீரென்று பெரிய தொகை போனால் மோசடி என்று வங்கி தடுப்பதும் உண்டு. வரம்பை முந்தைய நாளே உயர்த்தி வையுங்கள், வெளிநாட்டுக் கடை என்றால் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் வங்கி மறுத்ததால் வெறுங்கையோடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

கார்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பல கடைகள் ப்ரீ-ஆர்டருக்கான பணத்தைப் பொருளை அனுப்பும்போதுதான் எடுக்கும். இடைப்பட்ட மாதங்களில் கார்டு மாறிவிட்டால் பணம் எடுக்க முடியாமல் ஆர்டர் ரத்தாகிவிடும்.

5. ப்ரீ-ஆர்டர், குலுக்கல், அழைப்பு: தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

இப்போது பெரிய வெளியீடுகளில் ‘முதலில் வருபவருக்கு’ முறையோடு வேறு வழிகளும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குத் தகுதி என்று ஒன்று கேட்பார்கள், அதை விற்பனை நாளில் உருவாக்க முடியாது.

2021 ஜூலையில் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவிக்கு முன்பதிவு தொடங்கியபோது 5 டாலர் கட்டி இடம் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் 48 மணி நேரத்தில், அந்த வருடம் ஜூனுக்கு முன்பு ஸ்டீமில் ஏதாவது வாங்கிய கணக்குகளுக்கு மட்டுமே அனுமதி. ஸ்கால்ப்பர்கள், அதாவது வாங்கிக் குவித்து அதிக விலைக்கு விற்பவர்கள், புதுப் புதுக் கணக்காகத் திறந்துகொண்டு வருவதைத் தடுக்கத்தான் அது. ஸ்விட்ச் 2க்கு நின்டெண்டோ ஜப்பானில் நடத்திய குலுக்கலில் இன்னும் கடுமை: 2025 பிப்ரவரி 28 வரையிலான கணக்கில் பழைய ஸ்விட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், ஆன்லைன் சந்தாவில் மொத்தம் ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும். அப்படியும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்.

ஆகவே கன்சோல் அறிவிப்பு வந்த அன்றே தயாரிப்பாளரின் கடையில் ‘விருப்பம் தெரிவி’ என்ற பொத்தானை அழுத்திவிடுங்கள். அழைப்பு மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போய், அதன் கெடு முடிந்த பிறகு கண்ணில் படுவது வழக்கமான சோகம். அந்த அனுப்புநர் முகவரியை நம்பகமானதாகக் குறித்து வையுங்கள்.

அறிவித்த தேதியை முழுதாக நம்பவும் வேண்டாம். 2020 செப்டம்பரில் ப்ளேஸ்டேஷன் 5 ப்ரீ-ஆர்டர் மறுநாள் தொடங்கும் என்றார்கள், பல கடைகள் அன்று மாலையே திறந்துவிட்டன. சோனி பிறகு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் ஸ்விட்ச் 2 ப்ரீ-ஆர்டரோ 2025 ஏப்ரல் 9இல் இருந்து, இறக்குமதி வரிக் குழப்பத்தால், ஏப்ரல் 24க்குத் தள்ளிப்போனது. முந்தைய நாளே எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

டிஜிட்டல் கேமுக்கு ப்ரீ-ஆர்டர் எதற்கு என்றுதான் கேட்பேன். ஸ்டாக் தீராத பொருளுக்கு இடம் பிடிக்க என்ன அவசியம்? கேமுக்குள் கிடைக்கும் போனஸ் உடுப்புக்காகப் போட்டே தீருவேன் என்றால் ரத்து விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஸ்டீமில் வெளியீட்டுக்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கிய கேமுக்கு 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். முன்கூட்டி விளையாடிய நேரமும் இந்தக் கணக்கில் சேரும். ப்ளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே அந்த வழி பெரும்பாலும் அடைபடும். அதனால் தானியங்கி டவுன்லோடை நிறுத்தி வையுங்கள்.

6. விற்பனை நாள்: வரிசையில் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது

இந்தப் படியில்தான் வதந்திகள் அதிகம். காத்திருப்பு வரிசை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

பல பெரிய கடைகள் வெளியில் இருந்து ஒரு வரிசை மென்பொருளை எடுத்துப் பயன்படுத்துகின்றன. விற்பனை பத்து மணிக்கு என்றால் அதற்குச் சற்று முன்பு ஒரு காத்திருப்பு அறை திறக்கும். அங்கே பத்து மணிக்கு முன்பு வந்த எல்லோருக்கும் பத்து மணிக்குக் குலுக்கல் முறையில் வரிசை எண் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு வருபவர்கள் அந்த வரிசையின் வாலில் நிற்பார்கள். ஆக, மூன்று மணி நேரம் முன்பே போய் உட்கார்வதால் லாபம் இல்லை. ஆனால் ஒரு நிமிடம் தாமதமானால் நஷ்டம் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போனால் போதும்.

வரிசையில் நின்ற பிறகு பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள். பக்கம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ‘தானாகப் புதுப்பிக்கும்’ என்று திரையிலேயே எழுதியிருந்தும் அழுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரே பிரவுசரில் பத்து டேப் திறப்பதாலும் பத்து இடம் கிடைக்காது. குக்கீயைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே ஆளாகத்தான் கணக்கிடும். சில கடைகள் பாட் (ஆளுக்குப் பதிலாகத் தானாகவே வாங்கும் மென்பொருள்) என்று சந்தேகித்து வெளியே தள்ளிவிடும். ஃபோனில் ஒன்று, கணினியில் ஒன்று என்று நிறுத்துங்கள். ஃபோன் மொபைல் டேட்டாவிலும் கணினி வீட்டு இணைப்பிலும் இருந்தால் ஒன்று அறுந்தாலும் இன்னொன்று நிற்கும். விபிஎன் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

வரிசையே இல்லாத கடையில் கதை வேறு. அங்கே பொத்தான் சாம்பல் நிறத்திலிருந்து மாறும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொருளின் நேரடிப் பக்கத்தை முன்பே புக்மார்க் செய்து வையுங்கள், தேடல் பெட்டியில் போய்த் தேடாதீர்கள். கூட்டம் ஏறும்போது முதலில் படுத்துக்கொள்வது தேடல்தான்.

கார்ட்டில் போட்டுவிட்டால் பொருள் நமதாகிவிட்டது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. பல கடைகளில் பணம் கட்டி முடிக்கும் வரை ஸ்டாக் யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை. கார்ட்டில் வந்ததும் வேறு எதையும் சேர்க்காமல் நேராகப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போங்கள். கூடுதல் கன்ட்ரோலர், கேபிள், கூப்பன் எல்லாம் அப்புறம். அவை எங்கேயும் ஓடிவிடாது.

பணம் கட்டும்போது பிழை காட்டினால் உடனே பின்னுக்குப் போகாதீர்கள். முதலில் மின்னஞ்சலிலும் ‘என் ஆர்டர்கள்’ பக்கத்திலும் பாருங்கள். திரையில் பிழை வந்தும் ஆர்டர் பதிவாகியிருக்கலாம். அவசரப்பட்டு இரண்டாவது போட்டால், ஒரே முகவரிக்கு ஒன்றுக்கு மேல் தராத கடைகள் சில சமயம் இரண்டையுமே ரத்து செய்துவிடும். ஆர்டர் பதிவாகவில்லை என்று உறுதியான பிறகு அதே பக்கத்தில் மறுபடி முயலுங்கள்.

அப்புறம், பாட் வாங்கி ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கடை கண்டுபிடித்தால் ஆர்டரோடு கணக்கும் போகும். விற்கிறவரில் பாதிப் பேர் கார்டு விவரத்தைத் திருட வந்தவர்கள்தான் என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

7. கிடைக்கவில்லையா? ஸ்டாக் திரும்பும் நேரங்களைக் கவனியுங்கள்

‘தீர்ந்தது’ என்று வந்தவுடன் மடிக்கணினியை மூடிவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில், பணம் கட்டத் தவறியவர்களின் பொருள்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அடுத்த ஓரிரு நாளில் இரட்டை ஆர்டர்களும் பாட் ஆர்டர்களும் ரத்தாகிச் சில திரும்பும். பொருளை அனுப்புவதற்கு முந்தைய வாரத்தில் இன்னும் கொஞ்சம் வரும், கார்டு மறுக்கப்பட்டவர்களும் மனம் மாறியவர்களும் அப்போது கழன்றுகொள்வார்கள். வெளியீட்டு நாளிலேயே நேரடிக் கடைகளில் தனி ஒதுக்கீடு இருப்பதும் உண்டு. போய் நிற்பதற்கு முன் ஃபோன் செய்து, ‘ப்ரீ-ஆர்டர் இல்லாதவர்களுக்குத் தனியாக இருக்கிறதா’ என்று நேரடியாகக் கேளுங்கள்.

கடையின் ‘வந்ததும் தெரிவி’ மின்னஞ்சல் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். ஸ்டாக் கண்காணிக்கும் சேனல்களின் ஃபோன் அறிவிப்பு அதைவிட வேகம். ஆனால் அங்கே வரும் இணைப்பை அப்படியே அழுத்தாமல், நீங்கள் சேமித்த புக்மார்க் வழியாகவே போங்கள். கடை மாதிரியே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் முளைப்பது இந்த நேரத்தில்தான்.

8. மறுவிற்பனைச் சந்தை: போகத்தான் வேண்டும் என்றால்

எண் பொறித்த எடிஷனுக்கு மட்டும்தான் இந்தக் கதவைத் தட்டுவதில் அர்த்தம் உண்டு. அதையும் முதல் வாரத்தில் செய்ய வேண்டாம். ஏமாந்தவர்களின் கோபம் சூடாக இருக்கும் அந்த நாள்களில்தான் விலை பெரும்பாலும் உச்சத்தில் நிற்கும். வாங்கி வைத்த ஸ்கால்ப்பருக்கும் பணம் முடங்கியிருக்கிறது, திருப்பிக் கொடுக்கும் கெடு நெருங்கும்போது அவர்களில் சிலர் இறங்கி வருவார்கள்.

கேட்கும் விலையைப் பார்த்து மிரளாதீர்கள். யாரும் எந்த எண்ணையும் போடலாம். ‘விற்றுமுடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டு, உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். மூன்றாவது படியில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். தாண்டினால் மூடிவிடுங்கள்.

விளம்பரத்தின் தலைப்பை மட்டும் படித்து வாங்காதீர்கள். கன்சோலின் வெற்றுப் பெட்டியையும் அதன் புகைப்படத்தையும்கூட முழு விலைக்கு விற்கப் பார்த்தவர்கள் 2020இல் இருந்தார்கள், விவரக் குறிப்பின் கடைசி வரியில் சின்னதாக எழுதிவிட்டு. பொருளோடு அன்றைய தேதி எழுதிய காகிதத்தை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள், பில்லின் படமும் கேளுங்கள். வாங்குபவர் பாதுகாப்பு உள்ள முறையில் மட்டும் பணம் கட்டுங்கள். நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய கன்சோல் என்றால் நேரில் பார்த்து, இணையத்தில் இணைத்து, அதன் கடையைத் திறந்து பார்த்த பிறகே பணம். முந்தைய உரிமையாளரின் விதிமீறலால் ஆன்லைன் சேவை தடைசெய்யப்பட்ட கன்சோல்கள் சந்தையில் சுற்றுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மலிவு விலை டிஜிட்டல் கீ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்கும் இடைத்தளங்களும் இதே ரகம். 2015 ஜனவரியில் ‘ஃபார் க்ரை 4’ உள்ளிட்ட கேம்களின் கீக்கள் மோசடியாக வாங்கி மறுவிற்பனை செய்யப்பட்டவை என்று சொல்லி, அவற்றை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் ரத்து செய்தது. ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

9. பொருள் வந்ததும்

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், டெலிவரி ஒட்டுச்சீட்டு தெரிகிற மாதிரி, வெட்டாமல். விலை உயர்ந்த பெட்டிகளில் பொருள் மாறி வந்தாலோ காலியாக வந்தாலோ கடையிடம் காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது. பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கன்சோலில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.

சேகரிப்புக்காகப் பிரிக்காமல் வைப்பவர்கள் வெளி உறையையாவது கழற்றி, ஓரங்கள் நசுங்கியிருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் யாரிடமும் கேட்க முடியாது. கன்சோல் என்றால் முதல் வாரத்திலேயே டிஸ்க் டிரைவ், எல்லாப் போர்ட்டுகள், கன்ட்ரோலர் குச்சிகள், வைஃபை அனைத்தையும் ஓட்டிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று பில்லில் பார்த்து ஃபோன் காலண்டரில் போட்டு வையுங்கள். அந்தக் கெடுவுக்குள் என்றால் பணத்தைத் திரும்ப வாங்கலாம். தாண்டினால் வாரண்டியில் பழுதுபார்ப்பு மட்டும்தான், ஸ்டாக் இல்லாத காலத்தில் மாற்றுப் பொருளுக்கு எவ்வளவு நாள் காக்க வைப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வேறு கடையிலும் போட்டு வைத்த ப்ரீ-ஆர்டர் இருந்தால் அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். உங்கள் பணமும் விடுபடும், ஏழாவது படியில் காத்திருக்கும் யாரோ ஒருவருக்கு ஒரு கன்சோலும் கிடைக்கும்.